ஆட்டம் இருந்தால் கால் சுற்று

அந்த வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு ப்ளோயர் கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஃபிட்டர், ஃபோர்மேன், சுவிட்ச் போடும் எலெக்ட்ரீஷியன். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேனேஜர், அவர் ஒன்பதரைக்கு முன்னால் வருவதில்லை. இன்னொருவன் நான். மேனேஜர் இல்லாததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அந்த நேரத்தில் நான் சேலையூரில் ஒரு கெஜட்டட் ஆபீசர் வீட்டு கேட்டுக்கு வெளியே, டைப் அடித்த மூன்று காகிதங்களோடு நின்றுகொண்டிருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் நகல், டிப்ளமா சான்றிதழின் நகல், நன்னடத்தைச் சான்றின் நகல். மூன்றும் உண்மை நகல்தான் என்று அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தரவேண்டும். அது இல்லாவிட்டால் என் கன்ஃபர்மேஷன் படிவத்தை ஆபீசில் தொடக்கூட மாட்டார்கள். ஆபீசர் காலையில் எட்டு மணிக்குள்தான் வீட்டில் இருப்பார் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே குடும்பத்தோடு ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பாட்டு முடியட்டும் என்று நின்றேன். பாட்டு முடிந்து வேத வாசிப்பு ஆரம்பித்தது.

இதை நான் வாயால் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் நடுவில் ஓரிடத்தில் சிரித்துவிடுகிறார்கள். சிரித்த பிறகு மிச்சத்தை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலை குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இரும்பை உருக்கி வார்க்கிற இடம். உலைக்குக் காற்று ஊத ஒரு பெரிய ப்ளோயர். மூடிப்போன ஏதோ ஒரு ஆலையிலிருந்து ஏலத்தில் எடுத்து வந்தது. நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றும். அதன் ஷாஃப்ட் இரண்டு பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கும். குண்டு உருளும் பேரிங் இல்லை. வட்டமான உலோகக் கூடு, அதற்குள் எண்ணெய், அவ்வளவுதான். ஷாஃப்ட் வேகம் பிடித்ததும் எண்ணெயே அதைத் தூக்கி வைத்துக்கொள்ளும். உலோகம் உலோகத்தைத் தொடாது; நடுவில் தலைமயிர் கனத்துக்கு எண்ணெய் இருக்கும். முதன்முதலில் அதைப் புரிந்துகொண்டபோது எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்றரை டன் இரும்பு எண்ணெய் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது!

ஆனால் எங்களுடையது சும்மா சுற்றவில்லை, உதறிக்கொண்டு சுற்றியது. கொட்டகை பெஞ்சில் டீ கிளாஸை வைத்தால் அது தானாக நகர்ந்து விளிம்புக்குப் போகும். வாரம் ஒருமுறை அடித்தளத்து நட்டுகளை இறுக்கவேண்டும். மாதம் ஒருமுறை எண்ணெய்க் குழாய் எங்கேயாவது விரிசல் விடும். குழாய் விரிசல் விட்டால் ப்ளோயர் நிற்கும், ப்ளோயர் நின்றால் உலை நிற்கும்.

வைப்ரேஷன், வைப்ரேஷன் என்று வாட்ச்மேன் வரைக்கும் எல்லோரும் சொன்னார்கள். ஃபிட்டர் 'வைப்ரேசன்' என்பார். ஃபோர்மேன் அழுத்தம் திருத்தமாக வைப்ரேஷன் என்பார். அந்தச் சொல் தெரியாத ஆள் அந்த காம்பவுண்டுக்குள் கிடையாது. இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரிந்திருந்தது: சுற்றுகிற பாகத்தில் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருக்கிறது, பேலன்ஸ் செய்யவேண்டும். அந்தப் பாகத்தைக் கிண்டியில் ஒரு பட்டறைக்கு லாரியில் அனுப்பினோம். பேலன்ஸ் செய்து வந்தது. மாட்டினோம், உதறியது. மறுபடி அனுப்பினோம். கிண்டிக்காரர்கள், "இதுல ஒண்ணும் இல்ல சார், துல்லியமா இருக்கு" என்று எழுதிக்கொடுத்தே அனுப்பினார்கள். மாட்டினோம், உதறியது. அடித்தளம் சரியில்லை என்று பத்து மூட்டை சிமென்ட் கொட்டினோம். கான்கிரீட்டும் சேர்ந்து உதறியது.

நான் அங்கே ட்ரெய்னியாகச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஒரு வருஷம் முடிந்தால் கன்ஃபர்ம் செய்வார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு. அப்பா ரயில்வேயில் கேங்மேன். பதினோரு வருஷம் தினக்கூலியாகவே தண்டவாளம் தூக்கி, அப்புறம்தான் பெர்மனென்ட் ஆனவர். படிக்கத் தெரியாது. ஆனால் தினக்கூலிக்கும் பெர்மனென்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எந்த லேபர் ஆபீசரைவிடவும் தெரியும். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரே கேள்விதான் கேட்பார்.

"பக்கா ஆயிட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

"டிப்ளமா படிச்சவனுக்குமா இழுக்கறானுங்க?"

 சாப்பிடப் போய்விடுவேன்.

ப்ளோயரின் கோளாறு எங்கே என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது ஃபிட்டர்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், பல்லாவரத்துக்காரர், மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். மார்கழி மாதத்து ஒரு காலையில் பேரிங் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"சார், இத்த பாத்தியா நீ? காலைல குளிர்ல செமையா உதறுது. மத்தியானம் எண்ணெ சூடு ஏறினா அடங்கிப் பூடுது. வெயிட்டு ஒரு பக்கமா கீதுன்னா மத்தியானம் மட்டும் அது எங்க பூடும்?"

"ஃபோர்மேன் கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. நீ ஃபிட்டரா டாக்டரான்னு கேட்டாரு."

எடை மத்தியானம் எங்கேயும் போகாது. மத்தியானம் மாறுவது எண்ணெய் ஒன்றுதான். அன்றைக்கு ராயபுரத்திலிருந்து வாங்கிய பழைய கடிகார ஸ்பிரிங் சுருள்களை வெட்டி, நீளம் வேறு வேறாகப் பதினான்கு பட்டைகளை ஒரு தேக்குத் துண்டில் வரிசையாகச் சொருகினேன். பார்க்க உடைந்த சீப்பு மாதிரி இருந்தது. ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு துடிப்பு உண்டு. எந்த வேகத்தில் இயந்திரம் உதறுகிறதோ அந்த வேகத்துக்கு உரிய பட்டை மட்டும் துள்ளும். பேரிங் மூடி மேல் அதை வைத்தேன். ஷாஃப்ட்டின் வேகத்துக்கு உரிய பட்டை லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். அதற்கு நாலு பட்டை தள்ளி, பாதி வேகத்துக்குக் கொஞ்சம் குறைவான பட்டை, பிடித்த மீன் மாதிரித் துள்ளியது.

"இன்னா சார் இது, கிளி ஜோசியமா?" என்றார் ஃபிட்டர்.

எடைக் கோளாறு என்றால் சுற்றுக்கு ஒரு உதறல். இது இரண்டு சுற்றுக்கு ஒன்று. அப்படியென்றால் உதறுவது ஷாஃப்ட் இல்லை, எண்ணெய். ஷாஃப்டைத் தொடுகிற எண்ணெய் அதன் வேகத்திலேயே ஓடும், கூட்டைத் தொடுகிற எண்ணெய் நின்றுகொண்டிருக்கும், நடுவில் உள்ளது சராசரியாகப் பாதி வேகத்தில் வட்டமடிக்கும். பளு குறைவாக மிதக்கிற ஷாஃப்டை அது தன்னோடு கூட்டிக்கொண்டு சுற்றும். கூடு முழு வட்டமாக இருக்கிறவரை எண்ணெய்க்குத் தடை இல்லை. இதைப் பாடத்தில் ஒரு பக்கத்தில் படித்திருந்தேன். பரீட்சைக்கு வராது என்று வாத்தியார் தாண்டிப்போன பக்கம்.

இரண்டு வாரம் வரைந்தேன். வட்டக் கூட்டுக்குப் பதில் மூன்று வளைந்த பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணெய்க் குழாய். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆப்பு, ஆப்பைத் தள்ள வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு திருகு. திருகைக் கால் சுற்று சுற்றினால் பட்டை அரைத் தவ் உள்ளே வரும். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குளிரில் எண்ணெய் தடித்து உதறினால், ஓட்டத்தை நிறுத்தாமலே மேல் திருகைக் கொஞ்சம் இறுக்கி எண்ணெயை அழுத்திப் பிடிக்கலாம். சூடு ஏறினால் இளக்கிவிடலாம்.

மேனேஜர் வரைபடத்தைத் தலைகீழாகப் பார்த்தார். நான் திருப்பி வைத்தேன்.

"வெள்ளைக்காரன் போட்ட பேரிங்கை நீ மாத்தப் போறே?"

"சார், வெள்ளைக்காரன் ஊர்ல எண்ணெய் ஒரே சூட்டுல இருந்திருக்கும். இங்க..."

"உனக்கு எத்தனை மாசம் சர்வீஸ்?"

"பத்து, சார்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். அன்று குழாய் விரிசல் விட்டு உலை நின்றிருந்தது. அதுதான் என் அதிர்ஷ்டம். "சரி, பண்ணு. முப்பது நாள் தகராறு இல்லாம ஓடட்டும், உன் கன்ஃபர்மேஷன்ல கையெழுத்துப் போடறேன். ஓடலேன்னா போடமாட்டேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

முப்பது நாள். அன்று செருப்பைக் கழற்றும்போது அப்பாவிடம் நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கொண்டுவரச் சொல்லி, எது முப்பதாவது நாள் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார்.

பட்டைகளை நாங்களே வார்த்தோம். ஃபிட்டர் உட்கார்ந்து, பட்டையின் உள்பக்கத்து மெதுவான ஒயிட் மெட்டலைச் சுரண்டிச் சுரண்டி ஷாஃப்டுக்குப் பொருத்தினார். நீலம் தடவி, ஒட்டிப் பார்த்து, எங்கே நீலம் பட்டதோ அங்கே சுரண்டி, மறுபடி தடவி. ஆறு நாள். ஓட்டியபோது முதல் காலை லேசாக உதறியது. மேல் திருகைக் கால் சுற்று. அடங்கவில்லை. இன்னொரு கால். என் கடிகாரப் பட்டை துள்ளுவதை நிறுத்தியது. ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டு எலெக்ட்ரீஷியன் மீட்டரைப் போய்ப் பார்த்தார். ஃபிட்டர் டீ கிளாஸை நேராக பேரிங் மூடி மேலேயே வைத்தார். வைத்த இடத்தில் நின்றது.

"சோக்கா கீது சார்! நம்ம கைங்கர்யம்!"

இங்கேதான் நான் அந்த போர்டை எழுதினேன்.

நான் எப்போதும் கொட்டகையில் இருக்க முடியாது. மூன்று ஷிப்டுக்கும் திருகை எப்படித் திருப்பவேண்டும் என்று தெரியவேண்டும். தொழிற்சாலையில் எல்லா அறிவிப்பும் இங்கிலீஷில் இருந்தது. படிக்கவேண்டிய ஒருவருக்கும் அது படிக்க வராது. இதில் எனக்கு ரொம்ப நாளாகக் கோபம். எங்கள் வீட்டுக்கு வரும் ரயில்வே தாளையெல்லாம் ஒன்பது வயதிலிருந்து நான்தான் படித்துக் காட்டுவேன்; அப்பா கைகட்டி நின்று கேட்பார். என் பேரிங்குக்கு அப்படி ஒரு தாள் வேண்டாம் என்று முடிவு செய்தேன். தகரத்தில் வெள்ளை அடித்து, கறுப்புப் பெயிண்டில், நல்ல தமிழில் எழுதினேன். முதலில் 'அதிர்வு' என்று எழுதியிருந்தேன்.

"அதுர்வுன்னா இன்னா சார்?" என்றார் ஃபிட்டர். எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்துப் படித்தார்.

"இந்த மெஷின் பண்ணுதே, அதுதான்."

"வைப்ரேசனா? அப்ப அத்தையே எய்தேன்."

"அது இங்கிலீஷ். தமிழ்ல எழுதுவோம். ஆட்டம்னு போட்டா புரியும்ல?"

"ஆட்டம்னா புரியும். ஆட்டம் தெரியாம இருப்பாங்களா?"

அழித்துவிட்டு எழுதினேன். புத்தகச் சொல்லை விட்டு ஜனங்களின் சொல்லைப் பிடித்துவிட்டேன் என்று உள்ளூரப் பெருமை வேறு.

*ஆட்டம் இருந்தால் மேல் திருகைக் கால் சுற்று இறுக்கவும்.*
*ஆட்டம் நிற்கும் வரை இவ்வாறே செய்யவும்.*

ஃபோர்மேன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவர். போர்டையும் அதே குரலில் வாசித்தார். "ரொம்ப நல்லா இருக்கு தம்பி. சுத்தத் தமிழ்."

இருபத்திரண்டு நாள் ஓடியது. காலையில் ஓட்டத்திலேயே கால் சுற்று, மத்தியானம் இளக்கல், ஒரு தகராறும் இல்லை. எல்லாக் காலையிலும் நான் இருந்தேன். அதனால் போர்டைப் பார்த்து யாரும் எதையும் செய்யவேண்டி வரவில்லை. அடித்தள நட்டுகளை யாரும் தொடவில்லை. வீட்டில் அப்பா தினமும் ராத்திரி கரியால் நாட்காட்டியில் ஒரு கோடு இழுத்தார். ஆபீஸ் கிளார்க் தானாகவே கூப்பிட்டு, "படிவத்தை இப்பவே ரெடி பண்ணி வை, அட்டெஸ்ட் பண்ணி வாங்கிக்க" என்றார். அதற்குத்தான் வியாழக்கிழமை காலை இரண்டு மணிநேரம் பர்மிஷன் போட்டேன். புதன்கிழமை பவர் கட், ப்ளோயர் ஓடவில்லை. வியாழன் காலை சுவிட்சைப் போட்டால் போதும், வேறு வேலை இல்லை என்று நினைத்தேன்.

வேத வாசிப்பு முடிந்து, ஆபீசர் வெளியே வந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி, மூன்று காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். முத்திரை ஆபீசில் இருக்கிறதாம். நாளைக்கு வரச் சொன்னார். தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடி, வண்டி பிடித்து, குரோம்பேட்டையில் இறங்கி நடந்தேன். காம்பவுண்டு சுவருக்கு வெளியே வரும்போதே ப்ளோயரின் சத்தம் கேட்கவேண்டும். கேட்கவில்லை.

கொட்டகைக்குள் புகை இன்னும் போகவில்லை. பேரிங்கின் அடியில் ஒயிட் மெட்டல் உருகி வழிந்து, மெழுகுவத்தி மாதிரி தரையில் உறைந்திருந்தது. ஷாஃப்டில் நகம் மாட்டும் ஆழத்துக்கு வரிவரியாகக் கீறல். அந்தப் பக்கம் உலையில் பாதி உருகிய இரும்பு அப்படியே இறுகிக்கொண்டிருந்தது. ஆட்கள் கடப்பாரையோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

ஃபிட்டர் ஓரமாக நின்றார். கை முழுக்க எண்ணெய்.

"என்ன பண்ணீங்க?" என்றேன்.

"நீ எய்தினதத்தான் சார்."

"நான் என்ன எழுதினேன்?"

அவர் நடந்ததைச் சொன்னார். ஒரு நாள் நின்ற மெஷின், கிளப்புவதற்கு முன் பார்ப்போம் என்று போர்டைப் படித்திருக்கிறார். ஆட்டம் இருந்தால் என்று போட்டிருக்கிறது. ஆட்டம் இருக்கிறதா என்று எந்த ஃபிட்டரும் எப்படிப் பார்ப்பார்? நிற்கிற ஷாஃப்டுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார், மேலே அசைவை அளக்கும் டயலை வைத்துப் பார்த்தார். முள் ஐந்தரைத் தவ் நகர்ந்தது. ஆட்டம் கீது. கால் சுற்று இறுக்கினார், நெம்பினார். இன்னும் ஆட்டம் கீது. இன்னொரு கால்.

"பதினோரு தபா சார். எண்ணிகினுதான் பண்ணேன். பதினோராவது தபா முள்ளு அசையவே இல்ல. ஆட்டம் நின்னுட்ச்சு. கையால சுத்திப் பாத்தேன், கொஞ்சம் டைட்டா கீதேன்னு ஃபோர்மேன் சாரைக் கேட்டேன். போர்டுல அப்படித்தானே போட்டிருக்கு, போடுன்னாரு."

 பட்டறையில் ஆட்டம் என்றால் உதறல் இல்லை. தேய்ந்துபோன பேரிங்கில் ஆட்டம், கதவுக் கீலில் ஆட்டம், பல்லில் ஆட்டம்: இடைவெளி, தளர்ச்சி. நான் உதறலை நினைத்து எழுதினேன், அவர் இடைவெளியைப் படித்தார். என் பேரிங்கில் அந்த ஐந்தரைத் தவ் இடைவெளியில்தான் எண்ணெய் இருந்தது. ஒயிட் மெட்டலை அவ்வளவு பதமாகச் சுரண்டிய அதே கையால், அவர் எண்ணெய் முழுவதையும் பிழிந்து வெளியே தள்ளிவிட்டு ஓட்டியிருக்கிறார். அதுவும் என் எழுத்துப்படி, ஒரு கால் சுற்று கூடாமல் குறையாமல்.

"நான் உதறலைச் சொன்னேங்க. வைப்ரேஷனை!"

ஃபிட்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக அவர் குரலில் கோபம். "வைப்ரேசன்னா வைப்ரேசன்னு எய்தணும். அன்னிக்கே சொன்னேன் இல்ல? தமிழ்ல எய்தினா எங்களுக்குப் புரியும்னு நெனச்சே இல்ல? புரிஞ்சிச்சு சார். நல்லாப் புரிஞ்சிச்சு."

கேட்பவர்கள் சிரிக்கிற இடம் இதுதான்.

பத்து மணிக்கு மேனேஜர் அறையில் விசாரணை. ஃபோர்மேனிடம் முதலில் கேட்டார்.

"போர்டை நீங்க படிச்சீங்களா?"

"நான் சரியா கவனிக்கல சார்."

"டைட்டா இருக்குன்னு இவன் உங்ககிட்ட சொன்னானா?"

"எத்தனையோ பேர் எத்தனையோ சொல்றாங்க சார் காலைல."

அந்த வேதபாடக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஃபிட்டர் வாயைத் திறந்தார். மேனேஜர் கையைக் காட்டி அடக்கினார். அவர்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் இங்கிலீஷில் பேசினார். சாராம்சம் இதுதான்: படிக்காத ஃபிட்டர், அனுமதி இல்லாமல், அளவு தெரியாமல் இறுக்கிவிட்டான் என்று நான் ஒரு ரிப்போர்ட் எழுதிக்கொடுக்க வேண்டும். அவனை சஸ்பெண்ட் செய்துவிடலாம். பேரிங் மேல் தப்பில்லை, இருபத்திரண்டு நாள் ஓடியிருக்கிறது, என் கன்ஃபர்மேஷனைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

"சார், அவர் படிச்சார். படிச்சதுதான் தப்பாப் போச்சு."

"டோன்ட் பி ஸ்மார்ட்."

நான் சாமர்த்தியம் காட்டவில்லை. அது நிஜம். ரிப்போர்ட்டை எழுதினேன். ஆட்டம் என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்றும், எழுதியவன் ஒன்றையும் இயக்கியவர் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்கள் என்றும், பொறுப்பு எழுதியவனுடையது என்றும், சொல்லை மாற்றி, திருகு எல்லை தாண்டாமல் ஒரு தடுப்பு வைத்து, மறுபடி முப்பது நாள் ஓட்ட அனுமதிக்கவேண்டும் என்றும். தடுப்புக்குப் படமும் வரைந்து பின் குத்தினேன். நாலு பக்கம். மேனேஜர் முதல் பக்கத்தைப் பாதி படித்தார்.

"இந்தத் தமிழ் பாடமெல்லாம் எனக்கெதுக்கு? யார் தப்புன்னு கேட்டா ரெண்டு பேர் தப்புன்னு எழுதியிருக்கே."

"ஒருத்தர் தப்புன்னுதான் சார் எழுதியிருக்கேன். என் தப்பு."

"அவன் கைதானே திருகினது?"

"ஆமா சார், ஆனா..."

"அப்ப ரெண்டு பேரும்தான்."

தடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்திரண்டு நாளைப் பற்றிக் கேட்கவில்லை. பாதி வேகத்தில் துள்ளிய பட்டையைத் தேக்குத் துண்டோடு நான் மேசைமேல் வைத்தபோது அதைக் காகிதம் பறக்காமல் இருக்க ஃபைல் மேல் எடுத்து வைத்துக்கொண்டார். பழைய வட்டக் கூடு ஸ்டோரில் பத்திரமாக இருந்தது. ஷாஃப்டைக் கடைந்து சரிசெய்து அதையே மாட்டச் சொன்னார். மாட்டினது ஃபிட்டர்தான். கிளப்பியதும் ப்ளோயர் உதறியது. எல்லோரும் ஏதோ ஊருக்குப் போயிருந்த உறவுக்காரன் திரும்பி வந்த மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஃபோர்மேன், பேலன்ஸ் செய்ய கிண்டிக்கு அனுப்பலாமா என்று கேட்டார்.

நான் விடவில்லை. மூன்று மனு கொடுத்தேன். எங்கள் செலவிலேயே பட்டை வார்த்துக்கொள்கிறோம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாட்டிப் பார்க்க விடுங்கள் என்று ஃபிட்டரும் நானும் சேர்ந்து ஒன்று. அதில் அவர் கையெழுத்துப் போட்டார், ஒவ்வொரு எழுத்தாக. பதில் வரவில்லை. டெஸ்பாட்ச் கிளார்க்கிடம் கேட்டால் மேனேஜரைக் கேட்கச் சொல்வார். மேனேஜரைக் கேட்டால் மனு இன்னும் வரவில்லை என்பார். சரி என்பதைக்கூட எதிர்பார்க்கவில்லை. முடியாது என்று எழுதிக்கொடுத்திருந்தால் அதோடாவது சண்டை போட்டிருப்பேன்.

வீட்டில் அப்பா இருபத்திரண்டு கோட்டோடு நிறுத்திவிட்டார். முத்திரை குத்திய மூன்று நகல்களையும் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். ட்ரெய்னி காலம் இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கப்பட்டது. "உன் தப்பா, அவங்க தப்பா?" என்று அப்பா கேட்டார். என் தப்பு என்றேன். "அப்படீன்னு எழுதிக் குடுத்துட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். தினக்கூலியாக இருந்த பதினோரு வருஷத்தில் அவர் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை, எழுதத் தெரியாததால். இந்த ஒரு விஷயத்தில் அது அவருக்கு நல்லதாகப் போயிற்று போல. 

இரண்டு மாதம் கழித்து எங்கள் இருவருக்கும் ஒரே ஆர்டர் வந்தது, இங்கிலீஷில். ஃபிட்டர் அதைக் கேன்டீனுக்குக் கொண்டுவந்தார். "படி சார். இந்த தபா நீ எய்தினது இல்லியே?" என்றார். படித்தேன். 'நெக்ளிஜென்ஸ்' என்ற சொல் வந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

"அப்படின்னா?"

"அஜாக்கிரதைன்னு போட்டிருக்காங்க."

"பதினோரு தபா எண்ணிப் பண்ணேனே, அஜாக்கிரதையா?" என்றார். பிறகு, "எவ்வளவு போட்டிருக்கான்? அத்தப் படி" என்றார்.

ஷாஃப்டைக் கடைந்து மெருகேற்ற நானூற்றுப் பத்து. ஒயிட் மெட்டலுக்கு நூற்று எழுபத்து நாலு. உலையில் இறுகிய இரும்பை உடைத்து எடுத்த கூலி நூறு. ஆகமொத்தம் அறுநூற்று எண்பத்து நாலு ரூபாய், இரண்டு பேர் சம்பளத்திலும் சரிபாதியாகப் பிடித்தம்: ஆளுக்கு முந்நூற்று நாற்பத்திரண்டு.